அவ்வளவே வரும் வரை

என் அன்புக் குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்படி எழுதிவிட்டு, என் இடது முழங்கால் அந்த வாக்கியத்தில் சேருமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பொதுவாகப் பார்த்தால் சுகம்தான், இருக்கட்டும். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம், மடித்து விட்டுக்கொள்கிறேன், அதற்காக வேறு வாங்கி அனுப்பாதே. போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ எதைக் கேட்டாலும் என் வாய் முந்திக்கொண்டு சரி என்று சொல்லிவிடுகிறது, பிறகுதான் நான் யோசிக்கத் தொடங்குகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு ஒரு வசதி. முக்கியமான செய்தியை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்பது உன் அம்மாவின் கட்சி, எனக்கு அந்தத் தைரியம் என்றைக்கும் வந்ததில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல வரும். ஆனாலும் அவள் பேச்சைக் கேட்டு இந்த முறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன். கோபப்படாமல் கடைசி வரை படி.

போன தடவை நீ கூப்பிட்டபோது என்ன சொன்னாய் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மூணாவது மாடிப்பா, லிப்ட் பாதி நாள் ஓடறதில்ல, அம்மாவுக்குத் திடீர்னு ஏதாவதுன்னா அவங்களால கத்தக்கூட முடியாது, நீங்க குளிச்சிட்டிருந்தா யாருக்குத் தெரியும், வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா என்றாய். அதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை. நான் சரி என்றேன். அம்மா என்ன சொல்றாங்க என்று கேட்டாய். அவளுக்கும் சம்மதம் போலத்தான் இருக்கிறது என்றேன். அந்தப் ‘போலத்தான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் குருவி. அவளிடம் கேட்டேன் என்பது உண்மை. எப்படிக் கேட்டேன் என்றால், ஒருவேளை நாம் போவதாக இருந்தால், அப்படிப் போக வேண்டி வந்தால், உனக்கு அதில் பெரிய ஆட்சேபம் எதுவும் இருக்காது அல்லவா என்று கேட்டேன். இதற்கு அவள் மேலும் கீழும் தலையாட்டினாலும் பக்கவாட்டில் ஆட்டினாலும் என்ன பொருள் என்று கேட்ட எனக்கே தெரியாது. அவள் எழுதும் பலகையை எடுத்தாள், பேனா மூடியைத் திறந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், திரும்ப மூடி வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். காரணம் சொல்லாமல் வெறும் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, தலைப்பு மட்டும் போட்டுச் செய்தியை விட்டுவிடுகிற ஆள் இல்லை அவள். அது தெரிந்தும், மறுக்கவில்லை என்று எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டு தரகரை வரச் சொல்லிவிட்டேன்.

தொண்டை ஆபரேஷனுக்கு நீ வந்து கூடவே இருந்தபோது குரல் போனது ஒன்றுதான் நமக்குப் பெரிதாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் நீ போன பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த மருந்தினால் அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப் போயிருக்கின்றன, சட்டைப் பொத்தான் போடக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறாள். நீ ஆசையாக வாங்கிக் கொடுத்த தொடுதிரை டேப்பில், எழுதினால் அதுவே வாய்விட்டுப் படிக்கும்படி எல்லாம் செய்துவிட்டுத்தான் போனாய், ஆனால் அந்தக் கண்ணாடியில் விரலை வைத்தால் எங்கே வைத்தோம் என்றே அவளுக்குத் தெரிவதில்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்பது எழுத்து விழுகிறது. பிறகு நீ அனுப்பிய கீபோர்டு தட்டையாக இருந்தது, எழுத்துகளும் அவள் கைக்குத் தெரிந்த இடத்தில் இல்லை, நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அதை எடுத்துத் தட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டாள். நீ வருத்தப்படுவாய் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. மிச்சம் இருந்தது எழுதும் பலகைதான். அவள் கையெழுத்து உனக்குத் தெரியாததா, உன் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தைப் பார்த்து உன் டீச்சர், இது மருந்துச் சீட்டா என்று கேட்டவர்தானே. நிதானமாக எழுதினால் புரியும், ஆனால் அவள் நிதானமாக எழுதி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அதனால் பால், விளக்கு, போதும் என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு சொல் பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்று இருந்தது, இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

தரகர் முதல் தடவை வந்தபோது நடந்தது ஒன்று. குரல் இல்லாதவளுக்குக் காதும் கேட்காது என்று ஏனோ எல்லோரும் நினைக்கிறார்கள். அவரும் உன் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, அம்மா, நல்லா இருக்கீங்களா என்று மாடி அதிரக் கத்தினார். பிறகு அவள் அங்கே இல்லாதது போலவே என்னிடம், ஜன்னல் எல்லாம் கிழக்கு பாத்து இருக்கு சார், சீக்கிரமே முடிச்சிடலாம், அம்மாவுக்கும் மகள்கிட்ட போனாத்தானே நிம்மதி, என்று பேசிக்கொண்டே போனார். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை விளிம்பில் அவள் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. தாளம் போடுகிறாள் என்று தரகர் நினைத்திருப்பார். எனக்கு அந்த ஓட்டம் தெரியும். டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மேசையின் மேல், எழுத்தே இல்லாத மரத்தின் மேல், அவர் பேசப் பேச அவருக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள், அது ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அவர் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏறக் கூடாதுதான், டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். பரணில் உன் பழைய சைக்கிள் பம்புக்குப் பின்னால் அம்மாவின் டப்பா இருந்தது.

டப்பா என்றால் உனக்குத் தெரிந்திருக்கும், நீ குழந்தையாக இருந்தபோது அதைத் தொடக் கூடாது என்று அடி வாங்கியிருக்கிறாய். அம்மா வெளியே போய்ச் செய்தி அனுப்புவதற்காகப் பத்திரிகை அலுவலகம் கொடுத்த கையடக்கக் கணினி. புத்தகம் போல விரியாது, பரீட்சை அட்டை போலத் தட்டையாக இருக்கும், விசைகளுக்கு மேலேயே எட்டு வரி மட்டும் தெரிகிற சின்னத் திரை, பென்சில் பேட்டரி நாலு போட்டால் ஓடும். தமிழ் எழுத்துகளை அலுவலகத்திலேயே ஏற்றித் தந்தார்கள், டைப்ரைட்டரில் இருந்த அதே வரிசை. நீதிமன்றமோ துறைமுகமோ விபத்து நடந்த சாலையோ, மடியில் வைத்து அடித்து முடித்துவிட்டு, ஏதாவது கடையில் போன் கேட்டு வாங்கி, ரிசீவரை இரண்டு ரப்பர்க் கிண்ணத்தில் பொருத்தி அனுப்புவாள். மறுமுனையில் உட்கார்ந்து வாங்குகிற துணை ஆசிரியன் நான். செய்தி வந்ததும் அவளைக் கூப்பிட்டு, ஒரு சந்தேகம், என்று ஆரம்பிப்பேன். அதனால் அலுவலகம் முழுக்க எனக்குச் சந்தேகம் என்றே பெயர், முதலில் வைத்தவள் அவள்தான், கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. போன் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ‘அவ்வளவே’ என்று அடிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சொல் வந்து சேரும் வரை செய்தியில் யாரும் கைவைக்கக் கூடாது, பாதிச் செய்தியைத் திருத்தினால் விபரீதமாகிவிடும். அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே ஒழுங்கில் ஒரு அட்டையில் ஒட்டிக்கொண்டேன், அப்படியும் மூடும்போது ஒன்று மிஞ்சியது, அது எங்கேயிருந்து வந்தது என்று இன்று வரை தெரியவில்லை. புது பேட்டரி போட்டதும் திரையில் கறுப்பாக ஒரு புள்ளி சிமிட்டியபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டப்பாவுக்கு உயிர் வந்தால் மட்டும் போதாதே, அது பேசுவது டேப்புக்குப் புரிய வேண்டுமே. தெருமுனையில் இருக்கும் சார்ஜர் கடைக்குப் பையில் போட்டு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெண்ணை உனக்குத் தெரியும், எப்போதும் காதில் ஒயர் மாட்டியிருப்பாளே. பையைத் திறந்ததும், சார், இது என்ன சார், டிபன் பாக்ஸுக்கு கீபோர்டு வெச்ச மாதிரி இருக்கு, இதுக்கு சார்ஜர் கேட்டா நான் எங்க போவேன் என்று சிரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவுக்கா என்று மட்டும் கேட்டாள். தீப்பெட்டி அளவில் ஒரு சின்னச் சர்க்யூட் பலகை வரவழைத்துத் தந்தாள். டப்பாவின் பின்னால் ஒயர் செருகும் இடத்திலிருந்து வருவதை வாங்கி, டேப் அதைக் கீபோர்டில் அடித்ததாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றிச் சொல்லும், நடுவில் நிற்கிற துபாஷி என்று வைத்துக்கொள். எந்த எழுத்துக்கு எது என்று அதற்கு நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கு வருமா என்று பயந்தேன். நீங்கதான் பேப்பர்ல பிழை பாத்தவராச்சே சார், இதுவும் பிழை பாக்கறதுதான் என்றாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் நாள் அ அடித்தால் கேள்விக்குறி வந்தது. சரி செய்தால் அ வந்தது, ஆனால் விடாமல் வந்தது, பக்கம் முழுக்க அ. ஒவ்வொரு விசையாக அடித்து, பார்த்து, மாற்றி, மறுபடி அடித்து, பொறுமை என்ற ஒன்றைத்தானே கடவுள் எனக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். அம்மா இந்தப் பக்கம் வரவே இல்லை, ஆனால் காய் நறுக்குவதை மட்டும் வழக்கத்துக்கு மாறாக என் மேசைக்கு எதிரே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாக முடிந்தது. துடைத்து, அவள் முன்னால் வைத்து, டேப்பை என் பக்கம் நிறுத்தினேன். அவள் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு விசைகளின் மேல் வைத்தாள். மரத்துப் போன விரல்தான், ஆனால் அந்த விசைகள் அமுங்குகிறபோது மணிக்கட்டு வரை தெரிகிறதே, அது போதும். குனிந்து பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே அடிக்கத் தொடங்கினாள். டேப்பில் எழுத்துகள் ஓடி வந்தன. ‘ரொம்ப நாளா, ரொம்ப ரொம்ப நாளா உங்ககிட்ட’ என்று வந்தது. இனி நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை மாதம் கழித்து அவள் பேசிய முதல் வாக்கியம் அது, அதுவும் பாதிதான். நான் என்ன செய்தேன் என்றால் என் வலது கையை நீட்டி, ‘ரொம்ப ரொம்ப நாளா’ என்பது சொன்னதையே சொல்வதாக இருக்கிறது என்று, அதை அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை குருவி. கண் பார்த்தது, கை போய்விட்டது, முப்பது வருடப் பழக்கம். அவள் விரல்கள் நின்றன. டேப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் வந்தால் நீ பார்ப்பாயே, அதே பார்வை, உனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒயரைப் பிடுங்கினாள், டப்பாவை அதன் உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள், காய் நறுக்கப் போய்விட்டாள். மன்னித்துக்கொள் என்று நான் சொன்னேன், பலகையில் ‘உப்பு’ என்று எழுதிக் காட்டினாள், உப்பு வாங்கி வர வேண்டுமாம்.

அதற்குப் பிறகு அவள் டப்பாவைத் தொடவே இல்லை. நான் செய்தது ஒன்றும் சரியில்லை, இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை, குருவியிடம் போய்விடுவதுதான் சரி என்றெல்லாம் மனம் போனது. உப்பு வாங்கப் போகும்போதும் வரும்போதும் அதே யோசனை. நான் மன்னிப்புக் கேட்டால் அவள் இறங்கி வருகிறவள்தான், பிறகு ஏன் இறங்கவில்லை என்று யோசித்தபோது ஒன்று தெளிந்தது. வெட்டியது மட்டும் இல்லை தப்பு. நான் அவளுக்குக் கட்டிக்கொடுத்த ஏற்பாடே தப்பு. அவள் அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தும் என் முகத்துக்கு நேரே போய் விழும்படி செய்துவிட்டேன். டப்பாவில் அவளுக்கு என்று இருக்கிற எட்டு வரித் திரையை, அது சின்னதாக இருக்கிறதே, டேப்பில் பெரிதாகத் தெரியுமே என்று, சும்மா வைத்துவிட்டேன். அவள் வாழ்நாளில் முடிக்காத வாக்கியத்தை ஒருவருக்குக் காட்டியதில்லை. அந்த எட்டு வரிக்குள் அடிப்பாள், அழிப்பாள், மாற்றுவாள், மனதுக்குச் சரி என்று பட்டபிறகுதான் அனுப்புவாள், அனுப்பிய பிறகு உலகமே சேர்ந்தாலும் மாற்ற விடமாட்டாள். பேச்சிலும் அப்படித்தானே, யோசித்துப் பேசுவாள், பேசினால் பேசினதுதான். இது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவள் அனுப்பியதை ஆயுள் முழுக்க மறுமுனையில் உட்கார்ந்து வாங்கியவனுக்குத் தெரியாமல் போனதே. சுவரில் விதியை ஒட்டிய கையாலேயே அதை மீறினேனே.

அதைச் சரிசெய்யப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. டப்பா பிறந்ததே அந்த வேலைக்காகத்தான், நான்தான் அதை வெறும் கீபோர்டாக ஆக்கியிருந்தேன். அடிப்பது அவள் திரையோடு நிற்க வேண்டும், அனுப்பும் விசையை அமுக்கினால் மட்டும் எல்லாம் மொத்தமாக ஒயர் வழியாகப் போக வேண்டும், ‘அவ்வளவே’ என்ற சொல் வந்த பிறகுதான் டேப் வாய் திறக்க வேண்டும். இதை மட்டும் மாற்றினேன். சார்ஜர் கடைப் பெண்ணிடம் நீளமான ஒயர் வாங்கி வந்து, டேப்பைப் புத்தக அலமாரியின் உச்சியில், என் கை எட்டாத இடத்தில் வைத்தேன். அதற்கும் ஸ்டூலில் ஏற வேண்டியதாயிற்று, அதுவே கடைசி, இனி ஏற மாட்டேன். டேப்புக்குக் கீழே, ‘அவ்வளவே வரும் வரை கைவைக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பிறகு டப்பாவை உறையோடு சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே நடக்கப் போனேன். திரும்பி வந்தபோது உறை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஜிப் திறந்திருந்தது. நான் பார்க்காதது போலச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தரகர் வந்தார். இந்தத் தடவை வீடு பார்க்க ஒரு கணவன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அம்மா, நல்லா இருக்கீங்களா என்று மறுபடி அதே கத்தல். அவள் மடியில் டப்பாவோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் அவர்களிடம், இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாயிடும், இந்தச் செடியெல்லாம் போயிடும், என்று கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். அனுப்பும் விசையை அவள் எப்படி அமுக்குவாள் தெரியுமா, சூடான பாத்திரத்தைத் தொட்டது போல ஒரு தொடல், உடனே கையை எடுத்துவிடுவாள். அலமாரி உச்சியிலிருந்து அந்தக் குரல் வந்தது. நீ வைத்துவிட்டுப் போன குரல் ரயில் நிலையத்தில் அறிவிக்கிற பெண்ணுடையது போலத்தான் இருக்கிறது, கோபம் தாபம் ஒன்றும் அதற்குக் கிடையாது. வீடு விற்பனைக்கு இல்லை, தரகர் என்னிடம் கத்த வேண்டாம், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகவும், அவ்வளவே, என்றது. தரகர் மேலே பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சார், உள்ள யாரு சார் என்றார். என் மனைவி என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, உன்னிடம் என்ன சொல்வது என்று பயமும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எனக்கு விக்கல் வரும் என்பது உனக்குத் தெரியுமே, விக்கிக்கொண்டே மூவரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். பாவம், தரகர் ஜன்னலை ஒழுங்காகச் சாத்திவிட்டுத்தான் போனார்.

திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒருவேளை, அப்படி இருந்தால் என்றெல்லாம் சேர்க்காமல், குருவி நம்மைக் கூப்பிடுகிறாள், உன் பதில் என்ன என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சின்னக் கேள்வி அதுதான். அவள் அடித்தாள், நிறுத்தினாள், ஜன்னலைப் பார்த்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். எட்டு வரியில் அடக்கிவிட்டாள். ஒரு சொல்லும் வெட்டாமல் உனக்கு அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

குருவிக்கு அம்மா. நான் அங்க குடி வர மாட்டேன்.
ரொம்ப நாளா, ரொம்ப ரொம்ப நாளா சொல்ல நெனச்சது இது.
இந்தத் தெருவுல நான் எப்படிப் பேசினேன்னு எல்லாருக்கும் தெரியும்.
என்னப் பாத்தாலே அவங்க காதுல என் பழைய குரல் கேக்குது.
அங்க வந்தா நான் பேச முடியாத ஒரு கிழவி, வேற ஒண்ணும் இல்ல.
வருஷத்துக்கு ஒரு தடவ வரேன், டப்பாவோட. உன்மேல கோபம் இல்லடி.
அப்பா பயந்து போய் சரின்னார். அவரத் திட்டாத, அது என் வேல.
இனிமே என்னப் பத்தி என்கிட்ட கேளு. அவ்வளவே.

கேட்டு முடித்ததும், ஒரு சந்தேகம் என்று என் வாயில் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தத் தெரு வரியைக் கேட்டபோதுதான், கறிகாய்க் கடைக்காரர் இவளைக் கண்டதும் இவள் பேரம் பேசாமலேயே, சரிம்மா சரிம்மா, கொறச்சுக்கறேன் என்று ஏன் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

நீ கேட்டது நியாயமான கேள்வி என்பதை அவளும் மறுக்கவில்லை. அவசரம் என்றால் எப்படிக் கூப்பிடுவாள் என்பதற்கு அவளே வழி செய்துவிட்டாள். பக்கத்து வீட்டு நர்ஸம்மா, ஓடி வாங்க, அவ்வளவே, என்று ஒன்றை முன்பே அடித்து டப்பாவில் வைத்திருக்கிறாள், ஒரு விசை அமுக்கினால் டேப் அதை முழுச் சத்தத்தில் மூன்று தடவை சொல்லும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நாள் நான் குளிக்கும்போது யாரிடமும் சொல்லாமல் அமுக்கிவிட்டாள். நர்ஸம்மா கையில் கரண்டியோடு, அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார்களாம், நான் சோப்பும் துண்டுமாக வெளியே ஓடி வந்தேன். சும்மா பாத்தேன் என்றது அலமாரி. இன்னொரு தடவ இப்படிச் சும்மா கூப்பிட்டா நான் வரமாட்டேன், பாரு என்று அந்த அம்மா சண்டை போட்டார்கள், பிறகு உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிவிட்டுத்தான் போனார்கள், அவர்கள் அடுப்பை நான்தான் போய் அணைத்தேன். லிப்ட் விஷயமாகக் குடியிருப்போர் கூட்டத்தில் உன் அம்மாவே பேசப் போகிறாளாம், டேப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போக வேண்டுமாம். இப்போது காலையிலிருந்து வீட்டில், சந்தேகம், பால் பொங்குது, அவ்வளவே, சந்தேகம், மாத்திரை போட்டாச்சா, அவ்வளவே, என்று ரயில் நிலையம் போலத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுவதற்குக் காரணமும் அதுதான், டப்பா என் கைக்குக் கிடைப்பதில்லை.

மழையில் நனையாதே. பேத்திக்கு இருமல் நின்றுவிட்டதா என்று எழுது. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல், எங்களை அழைத்த அவருடைய பெரிய மனதை நாங்கள் மறக்கவில்லை என்றும் சொல். உன் மனம் சங்கடப்பட்டால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, நான் படித்துவிட்டு வைத்துக்கொள்கிறேன், அம்மா திட்டுவது தனிக் கணக்கு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, நினைத்ததை நினைத்தபடி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். இந்தக் கடிதத்தில் என் முழங்காலைப் பற்றி இன்னும் அரைப் பக்கம் இருந்தது, அம்மா படித்துப் பார்த்து வெட்டிவிட்டாள். சரியாகத்தான் வெட்டினாள்.

ஒன்றே ஒன்று நினைவில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அம்மாவின் பக்கத்தில் வைப்பேன். நீ ஒரு கேள்வி கேட்டால் இங்கிருந்து எதுவும் கேட்காது, வெகு நேரம் கேட்காது. வழக்கமாக நீ, ஹலோ ஹலோ, லைன் கட் ஆயிடுச்சு போல என்று வைத்துவிடுவாய். இனி வைக்காதே. லைன் கட் ஆகியிருக்காது. காதை நன்றாக வைத்துக் கேள், தூரத்தில் மழை தூறுவது போல ஒரு சத்தம் வரும், உன் அம்மா உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். குறுக்கே பேசாமல், அவசரப்படாமல், அந்தச் சொல் வந்து சேரும் வரை இரு.

எப்போதும் உன் நலம் நாடும்,
உன் அப்பா.

அவ்வளவே.